தோலும் குடலும் ஒரே இழையமா? அப்பாவின் வாயில் இருக்கும் வெள்ளைப் படலமும் அதுதானா?

திருகோணமலையில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டது இது: “மேலணி இழையத்தில் செதின், கனவடிவம், கம்பம், படைகொண்டது, போலிப்படை என்று எத்தனையோ வகை. எது எங்கே என்று ஒவ்வொரு முறையும் பாடமாக்குகிறேன், பரீட்சைக்கு முதல் நாள் மறந்துபோகிறது. தோலுக்கும் குடலுக்கும் ஒரு ஒற்றுமையும் எனக்குத் தெரியவில்லை. எப்படி ஒரே இழையம் என்கிறார்கள்?” பிறகு கடைசியில் ஒரு வரி: “அப்பா கரைவலை இழுக்கிறவர், வெற்றிலை போடுவார். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் இருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. அதுவும் மேலணியில் வருகிறதா?”

பிள்ளை, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், அதுவும் மேலணிதான். இந்த வாரமே அப்பாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை; அப்படிப்பட்ட படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்பது, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். இந்த அலகை அட்டவணையாகப் பாடமாக்கிய பிள்ளைகள் மறந்ததையும், காரணத்தோடு பிடித்துக்கொண்டவர்கள் மறக்காததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே காரணத்தோடு போவோம்.

தோலும் குடலும் ஒரே இழையம் என்பதற்கு முதலில் ஒரு விசயம் பிடிபட வேண்டும். வாயில் தொடங்கிக் குதத்தில் முடிகிற குழாயின் உட்புறம் உண்மையில் உடலுக்கு வெளியே இருக்கிறது. நம்முடைய துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கொட்டியாரக்குடாவுக்குள் வந்துவிட்டது என்பதற்காகச் சரக்கு ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்வோமா? வாசலில் பார்த்து, எழுதி, உள்ளே விட்டால்தான் அது ஊருக்குள் வந்த சரக்கு. நீங்கள் விழுங்கிய சோறும் அப்படித்தான். குடற்சுவரின் மேலணிக் கலத்தைத் தாண்டும்வரை அது உடலுக்குள் வரவில்லை. நாவற்பழக் கொட்டையை விழுங்கினால் அது ஒரு கலத்துக்குள்ளும் போகாமலே அடுத்த நாள் வெளியே போய்விடுகிறது. மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை, வியர்வைக் கான் எல்லாமே இப்படி வெளியோடு தொடர்புள்ள இடங்கள். இரத்தக் குழாயின் உட்புறமும் நெஞ்சறையின் உட்புறமும் வெளியோடு தொடாதவை. அங்கேயும் ஒரு குழி இருக்கிறது, அந்தக் குழிக்கு ஒரு கரை வேண்டும். அந்தக் கரைதான் மேலணி. எங்கெல்லாம் உடலுக்கு ஒரு விளிம்பு இருக்கிறதோ அங்கெல்லாம் அது நிற்கிறது.

விளிம்பில் நிற்பதால் அதற்கென்று சில குணங்கள். கலங்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கி நிற்கும். ஒரு பக்கம் வெளியைப் பார்க்கும், மறுபக்கம் அடித்தள மென்சவ்வில் ஒட்டியிருக்கும். இந்த இரண்டு பக்கமும் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. உள்ளே குருதிக் கலன் கிடையாது. இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்: முழங்கால் மேலாகச் சிராய்த்தால் இரத்தம் வராது, தெளிவான நீர் மட்டும் கசியும். இரத்தம் வந்தால் மேலணியைத் தாண்டிக் கீழே உள்ள தொடுப்பிழையம்வரை காயம் போய்விட்டது என்று அர்த்தம். உணவும் ஒட்சிசனும் கீழிருந்து பரவித்தான் மேலே வரும். இந்தக் ‘குருதிக் கலன் இல்லை’ என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் விசயத்தில் இதற்குத் திரும்பி வருவேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் எபிதீலியத் திசு என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதுதான். எபிதீலியம் என்ற சொல்லை உண்டாக்கியவர் பிரடெரிக் ரூயிஷ் என்ற ஒல்லாந்து உடற்கூற்று அறிஞர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். உதட்டை மூடியிருக்கும் மெல்லிய உறையைப் பற்றி எழுதும்போது அதை ஆக்கினார். அவருடைய நாட்டுக்காரர்கள் நம்முடைய கோட்டையில் இருந்த காலம் அது. ‘மேலணி’ எனக்கு அதைவிடப் பிடித்த சொல். மேலே அணியாக நிற்பது என்று அதிலேயே படம் இருக்கிறது.

சரி, இனி வகைகள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த விளிம்புக்கு என்ன வேலை, எவ்வளவு தேய்மானம்? பதில் தெரிந்தால் வடிவம் தானாக வரும்.

நுரையீரலின் சிற்றறையில் வேலை, வாயு மாற்றம். தேய்மானம் இல்லை. அப்படியானால் சுவர் எவ்வளவு மெல்லிதோ அவ்வளவு நல்லது. ஒற்றைப் படை, அதுவும் தட்டையாகப் பரந்த கலங்கள், அதாவது எளிய செதின் மேலணி. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள முழுத் தடிப்பும் ஒரு மைக்ரோமீற்றருக்குக் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குக்குக் கிட்ட. இவ்வளவு மெல்லிய சுவர் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் பரப்பில் நெஞ்சுக்குள் மடிந்து கிடக்கிறது. மீனின் பூவும், அதாவது செவுளும், இதே கணக்குத்தான். நல்ல பச்சை மீனின் பூ இரத்தச் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், இரத்தத்தை மறைக்கும் அளவுக்கு அதன் மேலணிக்குத் தடிப்பு இல்லாததுதான்.

சிறுநீரகத்தி என்பது சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய். அதற்கு வேலை, வடித்த நீரில் வேண்டியதைத் திருப்பி எடுப்பது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடிகிறது, வெளியே போவது ஒன்றரை லீற்றர் மட்டும். அவ்வளவு வேலைக்குக் கலத்துக்குள் சக்தி தரும் இழைமணிகள் நிறைய வேண்டும், அவற்றுக்கு இடம் வேண்டும். ஆகவே கனவடிவம்.

வாதனாளியில், அதாவது மூச்சுக்குழாயில், போலிப்படை. கச்சான் காற்றோடு வரும் புழுதி இங்கேதான் சீதத்தில் ஒட்டுகிறது. பிசிர்கள் செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து அந்தச் சீதத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. ஏன் ‘போலி’ என்று பிள்ளைகள் வருடாவருடம் கேட்பார்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நெருங்கி நிற்கும் சனத்தை ஒரு பக்கத்திலிருந்து பாருங்கள். பெரியவர்கள், சின்னவர்கள், இடுப்புயரக் குழந்தைகள் என்று தலைகள் மூன்று நான்கு மட்டத்தில் தெரியும். ஆனால் எல்லாருடைய காலும் ஒரே நிலத்தில். கருக்கள் வெவ்வேறு உயரத்தில் தெரிவதால் பல படை போலத் தோன்றுகிறது. எல்லாக் கலமும் அடித்தள மென்சவ்வைத் தொடுவதால் படை ஒன்றே.

குடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், மேலணி எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. சிறுகுடலின் உட்புறம் எளிய கம்ப மேலணி. உச்சியில் மயிர் போன்ற நுண்சடைமுளைகள், நடுநடுவே சீதம் சுரக்கும் கிண்ணக் கலங்கள். விரித்தால் ஒரு டெனிஸ் மைதானம் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருக்கும், நானும் அப்படியே படிப்பித்தேன். 2014இல் சுவீடனில் திரும்ப அளந்தபோது சமிபாட்டுக் கால்வாய் முழுவதற்கும் 32 சதுர மீற்றர் அளவுதான் வந்தது. அதுவும் குறைவில்லை. இந்தப் பரப்பின் மேலணி மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிறது.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் கொடுக்கிறோம். உப்பு சரி, சீனி ஏன்? கம்பக் கலத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு புரதக் கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போனால் நீர் பின்னாலேயே போகும். இந்தச் சோடியைக் கண்டு 1960இல் சொன்னவர் ரொபர்ட் கிரேன். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு அந்தக் கலத்தை நீரையும் உப்பையும் கொட்ட வைக்கிறது, ஆனால் இந்தக் கதவை அது உடைப்பதில்லை. 1971இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த, மேற்கு வங்காளத்தின் பொங்கான் முகாமில் சேலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் வீட்டுக்காரரையே பருக்கச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு கலப்படையின் உச்சியில் இருக்கும் ஒரு கதவு அத்தனை பேரைக் காப்பாற்றியது. சீனியைத் தாராளமாகக் கூட்டினால் குடலுக்குள் நீர் இழுபட்டு வயிற்றோட்டம் கூடும், ஆகவே பைக்கற்றில் போட்டிருக்கும் அளவை மாற்றக் கூடாது.

சிறுநீர்ப்பையை ஒரு வரியில் சொல்லலாம்: நிரம்பும்போது விரிய வேண்டும், சிறுநீர் திரும்பிக் கசியவும் கூடாது, ஆகவே விரிந்தால் தட்டையாகி, சுருங்கினால் குடை போல் எழும்பும் கலங்கள் கொண்ட நிலைமாறும் மேலணி.

இப்போது தேய்மானம் உள்ள இடங்கள். இங்கே ஒற்றைப் படை ஒரு நாளும் தாங்காது. பல படை வேண்டும், மேலே உள்ளது உரிந்து போகப் போக அடியிலிருந்து புதியது ஏற வேண்டும். படைகொண்ட செதின் மேலணி. இதில் இரண்டு வகை இருப்பது உங்கள் அப்பாவின் வாய்க்கு முக்கியம். ஈரமான இடங்களில், அதாவது கன்னத்தின் உட்புறத்திலும் உணவு இறங்கும் குழாயான களத்திலும், மேற்படைக் கலங்களும் கருவோடு இருக்கும். காயும் இடமான தோலில் மேற்படைக் கலங்கள் கெரற்றின் என்ற புரதத்தால் நிரம்பி, கருவை இழந்து, செத்து, தகடுகளாகிவிடும். அந்தச் செத்த தகடுகள்தான் நம்மை உப்புக்காற்றிலும் வெயிலிலும் காயாமல் வைத்திருக்கின்றன. கண்ணிமையில் மேற்றோல் 0.05 மில்லிமீற்றர் அளவு, உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு.

மீனுக்குச் செத்த தகடு தேவையில்லை, அது காயாது. அதன் மேற்றோல் செதிலுக்கும் மேலே உயிரோடு இருக்கிறது. பாரையைக் கையில் பிடிக்கும்போது வழுக்குவது அந்த மேலணி சுரக்கும் சீதம்.

டச்சுக் குடாவில் ஒரு மணித்தியாலம் குளித்து வரும் பிள்ளைகளின் விரல் நுனி சுருங்கியிருக்குமே, அது தோல் நீரை உறிஞ்சி ஊதுவதால் என்று முன்பு நினைத்தார்கள். விரலுக்குப் போகும் நரம்பு அறுந்தவர்களுக்கு அந்த விரல் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே கவனித்திருக்கிறார்கள். நரம்பு கட்டளையிட்டு உள்ளே குருதிக் கலன்கள் சுருங்கும்போது, மேலே உள்ள தோல் மடிகிறது. நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தியர்கள் இதைப் பயன்படுத்துவதும் உண்டு.

மேலணி தன் அடித்தளத்தில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதற்கு ஒரு பையனின் கதை. சிரியாவிலிருந்து ஜேர்மனிக்குப் போன ஏழு வயதுப் பிள்ளை. மேற்றோலை அடித்தள மென்சவ்வோடு பிணைக்கும் புரதத்தில் பிறவிக் குறை. தொட்டாலே தோல் கொப்புளித்துக் கழன்றது. 2015இல் அவன் உடலின் பெரும்பகுதி தோலின்றி இருந்தது. மிச்சமிருந்த நல்ல தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதன் கலங்களில் அந்த மரபணுவைச் சரிசெய்து, இத்தாலியில் தாள்களாக வளர்த்து, உடலின் 80 சதவீதத்துக்கு ஒட்டினார்கள். 2017இல் அதை வெளியிட்டபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஒட்டியதில் நிலைத்தது, அடியில் உள்ள படையில் இருந்த கொஞ்சத் தாய்க்கலங்களின் பரம்பரை மட்டுமே. மேலே உள்ள எல்லாம் வந்து போகிறவை.

இனி அப்பாவிடம் வருவோம். அவருடைய உள்ளங்கையை ஒரு நாள் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரல்களின் அடியில், கயிறு உரசும் இடத்தில், மஞ்சளாகத் தடித்துக் கை காய்த்திருக்கும். திரும்பத் திரும்ப உரசல் வந்ததால் அடியில் உள்ள படையின் கலங்கள் வேகமாகப் பிரிந்து, கெரற்றினைக் கூட்டி, கவசம் போட்டிருக்கின்றன. விளிம்பு தன் சுமைக்கு ஏற்ப மாறுகிறது. கையில் அது நல்லது, கரைவலை இழுக்கும் கைக்கு அது இல்லாவிட்டால் கொப்புளம்தான்.

அதே மாற்றம் கன்னத்தின் உட்புறத்தில் வந்தால்? அங்கே கெரற்றின் இருக்கக் கூடாது. பல்லைச் சுற்றிய முரசிலும் மேலண்ணத்திலும் கொஞ்சம் இருக்கும், முறுக்குக் கடிக்கிற இடங்கள் அவை. கன்னம் மென்மையாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம். கெரற்றின் நீரில் ஊறினால் வெள்ளையாகத் தெரியும். உங்கள் அப்பாவின் கன்னத்தில் தேய்த்தும் போகாத வெள்ளை அநேகமாக இதுதான். தேய்த்தால் தயிர் போல் கழன்று வருவது பூஞ்சணமாக இருக்கலாம். இது கழன்று வரவில்லை என்கிறீர்கள், அதனால்தான் முதலிலேயே போகச் சொன்னேன்.

சுமை எது? பாக்கு. புகையிலை மட்டும்தான் கெட்டது, வெறும் பாக்குக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் நம்முடைய ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. அது பிழை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் பாக்கையே, புகையிலை சேராத பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. பைக்கற்றில் விற்கும் இனிப்புப் பாக்குக்கும் அது பொருந்தும். பாக்கில் உள்ள அரெக்கொலின், மேலணிக்குக் கீழே உள்ள தொடுப்பிழையத்தில் நாரைக் கூட்டுகிறது. கன்னம் தோல்பட்டை போல் இறுகி, உறைப்புக் கறி பட்டாலே எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டு போகும். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது. விடிய எழும்பிக் கடலுக்குப் போகிறவர் தூக்கத்தைப் போக்க வெற்றிலை போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவரைக் குற்றவாளி போல் பேச வேண்டாம்.

புற்றுநோய்களில் 80 முதல் 90 சதவீதம் மேலணியில் தொடங்குபவை. ஓயாமல் பிரியும் கலங்கள். புகை, வெயில், பாக்கு எல்லாம் முதலில் படும் கலங்கள். பிழை நேர அதிக வாய்ப்பு அங்கேதான். இப்போது குறித்து வைக்கச் சொன்னதை எடுங்கள்: மேலணிக்குள் குருதிக் கலன் இல்லை. பிழைத்த கலங்கள் அடித்தள மென்சவ்வுக்கு மேலே இருக்கும்வரை, அவை ஏறிப் போக வாகனம் இல்லை. கழுத்துக்கும் போகாது, நுரையீரலுக்கும் போகாது. அந்த நிலையில் வெட்டி எடுத்தால் அனேகமாக அதோடு முடியும். சவ்வை உடைத்து ஒரு மில்லிமீற்றர் கீழே இறங்கிவிட்டால் கதை வேறு. பெண்களுக்கு வெல் வுமன் கிளினிக்கில் கருப்பைக் கழுத்திலிருந்து மேலணிக் கலங்களைச் சுரண்டிப் பார்ப்பதும் சவ்வைத் தாண்டுவதற்கு முன் பிடிப்பதற்காகத்தான். அம்மாவுக்கு 35 வயது கடந்திருந்தால் அவரையும் கேளுங்கள்.

பெரியாஸ்பத்திரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ பல் கிளினிக்கில் காட்டலாம். தேவை என்று பட்டால் விறைப்பூசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயொப்சி என்றதும் பயந்து பாதியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு, நீங்கள் கூட இருங்கள். அவர்கள் கண்ணாடி வழுக்கியில் பார்ப்பது நீங்கள் படிக்கும் அதே விசயம்: கெரற்றின் எவ்வளவு, படைகள் ஒழுங்காக ஏறுகின்றனவா, கருக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கின்றனவா, அடித்தள மென்சவ்வு உடையாமல் இருக்கிறதா.

போவதற்கு முன் வீட்டில் நல்ல வெளிச்சத்தில் அப்பாவை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவில் சிவப்பு இருக்கிறதா, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண் இருக்கிறதா, நாக்கின் அடியில் ஏதும் தடிப்பா என்று கவனியுங்கள். சிவப்பு வெள்ளையைவிட அவசரமானது. பிறகு அவருடைய சொந்த விரல்கள் மூன்றைச் சேர்த்து, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்றும் போகும். இரண்டுதான் போகிறது என்றால், அதையும் பல் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.